ஜான் டென்வர் விமான விபத்து

ஜான் டென்வர் விமான விபத்து என்பது 1997 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பசிபிக் குரோவ் நகரை அடுத்த கடற்பகுதியில் சிறு விமானம் ஒன்று வீழ்ந்து நொறுங்கிய நிகழ்வைக் குறிக்கும். விமானத்தைத் தனியாக ஓட்டிச் சென்ற அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் டென்வர் இவ்விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 53.

பறந்துகொண்டிருக்கும்போது ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்கு எரிபொருள் வழங்கலை மாற்ற முயன்ற வேளையில் விமானி கட்டுப்பாட்டை இழந்ததே விபத்துக்குக் காரணம் என விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. எரிபொருள் மேலாண்மையில் ஏற்படும் தவறு, அனுபவம் மிக்க விமானிக்கும் எவ்வாறு ஆபத்தாக முடியும் என்பதற்கு இவ்விபத்து எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதுண்டு.

விமானி

ஜான் டென்வரின் இயற்பெயர் ஹென்றி ஜான் டாய்ச்சென்டார்ஃப் இளையவர் என்பதாகும். இவர் 1943 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் பிறந்தார். 1971 இல் வெளிவந்த "டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்" என்ற பாடல் இவரை உலகறியச் செய்தது. இப்பாடல் 2014 ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடல்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இவருடைய தந்தை அமெரிக்க வான்படையில் விமானியாகப் பணியாற்றியவர். பி-58 குண்டுவீச்சு விமானத்தில் வேகச் சாதனைகள் படைத்தவர். டென்வரும் விமானம் ஓட்டுவதில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். விபத்து நடந்த காலத்தில் அவர் 2,700 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறப்பு அனுபவம் உடையவராக இருந்தார். லியர்ஜெட் எனப்படும் தாரை விமானத்தை ஓட்டுவதற்கும் தகுதி பெற்றிருந்தார். ஆகவே, விபத்தைப் பயிற்சி பெறாத ஒருவரின் தவறு என்று ஒதுக்கிவிட இயலாது. எனினும் விபத்துக்குள்ளான விமான வகையில் அவருக்கிருந்த அனுபவம் மிகக் குறைவானதே.

விமானம்

விபத்துக்குள்ளானது லாங்-ஈசி வகையைச் சேர்ந்த, இருவர் அமரக்கூடிய விமானமாகும். அதன் பதிவெண் என்555ஜேடி. லாங்-ஈசி விமானத்தை வடிவமைத்தவர் அமெரிக்கப் பொறியாளரான பர்ட் ருட்டான் ஆவார். 1986 ஆம் ஆண்டில் இடையில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்த வொயேஜர் விமானத்தையும், 2004 ஆம் ஆண்டில் விண்வெளியின் விளிம்பைத் தொட்ட ஸ்பேஸ்ஷிப்வன் ஊர்தியையும் வடிவமைத்தவர் இவரே.

லாங்-ஈசி முதன்முதலாக 1979 ஆம் ஆண்டில் பறந்தது. இவ்வகை விமானங்கள் தொழிற்சாலையில் முழுமையாகக் கட்டி விற்கப்பட்டவை அல்ல. வரைபடங்களை வாங்கி, ஆர்வலர்கள் தம் வீட்டிலோ கொட்டகையிலோ தாமே கட்டிக்கொண்டவை. நுரைப்பொருளின் மீது கண்ணாடி இழையைப் பசையுடன் போர்த்தி இவற்றின் உடற்பகுதியும் இறக்கைகளும் உருவாக்கப்படுகின்றன. இதன் தோற்றம் வழக்கமான சிறு விமானங்களிலிருந்து பெரிதும் மாறுபட்டது. சிறு இறக்கை மூக்குப் பகுதியிலும், பின்னோக்கிச் சாய்ந்த பெரிய இறக்கை உடலின் பிற்பகுதியிலும் அமைந்துள்ளன. இயந்திரமும் புரொப்பெல்லரும் பின்புறத்தில் இருந்து விமானத்தை முன்னோக்கித் தள்ளுகின்றன. இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் உதவும் கட்டுப்பாட்டுக் கோல் விமானியின் வலக்கைப் பக்கத்தில் அமைந்திருக்கும்.

இறக்கை நுனிகளில் நிமிர்ந்து நிற்கும் சிறு இறக்கைகளில் சுக்கான்கள் உள்ளன. வலது மிதியை அழுத்தினால் வலப்புறச் சுக்கான் மட்டும் வெளிப்புறமாகத் திரும்பும். இடது மிதியை அழுத்தினால் இடப்புறச் சுக்கான் திரும்பும். ஒரு மிதியை மட்டும் தொடர்ந்து அழுத்தினால் விமானத்தின் மூக்கு அப்பக்கம் திரும்புவதுடன் விமானமும் அப்பக்கமாகவே சரியத் தொடங்கும்.

எரிபொருள் அமைப்பு

லாங்-ஈசி விமானத்தில் இரண்டு எரிபொருள் தொட்டிகள் உண்டு. இவை உடற்பகுதியும் இறக்கையும் சேரும் இடத்தில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக அமைந்துள்ளன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும்.

இறக்கை உடலின் மேற்பகுதியில் அமைந்த சில சிறு விமானங்களில், புவியீர்ப்பினால் இரு தொட்டிகளிலிருந்தும் எரிபொருள் ஒரே நேரத்தில் இயந்திரத்துக்கு வழிந்து வரும். செஸ்னா 172 இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். தொட்டிகள் தாழ்வாக அமைந்த விமானங்களில் எரிபொருளைப் பம்பு மூலம் உறிஞ்ச வேண்டியுள்ளது. இரு தொட்டிகளையும் ஒருசேரத் திறந்து வைத்தால், ஒன்று முதலில் வற்றும்போது பம்பு அதிலிருந்து காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். எனவே இத்தகைய விமானங்களில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு தொட்டியே பயன்படுத்தப்படுகிறது. எந்தத் தொட்டி என்பதை விமானி தெரிவு வால்வு ஒன்றைத் திருப்பித் தீர்மானிக்கிறார். லாங்-ஈசி விமானத்தின் தெரிவு வால்வுக்கு "இடது", "வலது", "மூடல்" ஆகிய நிலைகள் மட்டுமே உண்டு.

இதனால் இவ்வகை விமானத்தை ஓட்டுபவர் எவ்வளவு எரிபொருள் உள்ளது என்பதுடன், அது எந்தத் தொட்டியில் உள்ளது, வால்வு எந்த நிலையில் உள்ளது என்பவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு தொட்டியில் போதிய எரிபொருள் இருக்கும்போதே மற்றத் தொட்டி வற்றி இயந்திரம் நின்றுபோக வாய்ப்புண்டு.

வரைபடத்திலிருந்து ஏற்பட்ட மாற்றம்

ருட்டானின் வரைபடத்தில், தெரிவு வால்வின் கைப்பிடி விமானியின் கால்களுக்கு இடையில், எளிதில் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் காட்டப்பட்டிருந்தது. விபத்துக்குள்ளான விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் குழாய்கள் விமானி அமரும் அறைக்குள் வருவதை விரும்பவில்லை. எனவே அவர் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்தார். எரிபொருள் கசிவினால் தீ விபத்து நேராமல் தடுப்பதே இதன் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் இம்மாற்றத்தால் விமானி கைப்பிடியைத் தொடுவதே கடினமாயிற்று.

கைப்பிடியின் எந்த நிலை எந்தத் தொட்டியைக் குறிக்கிறது என்பதற்கு அதனருகே எவ்வித அடையாளமும் எழுதப்பட்டிருக்கவில்லை. கைப்பிடியை வலப்புறம் திருப்பினால் இடது தொட்டியும், கீழ்நோக்கித் திருப்பினால் வலது தொட்டியும் திறந்தன. இயல்பாக எவரும் எதிர்பார்க்கும் திசைக்கு இது முரணானது. மேலும் கைப்பிடி திருப்புவதற்கு இறுக்கமாகவும் இருந்தது.

எரிபொருளின் அளவைக் காட்டும் ஒளிபுகு அளவுகாட்டிகள் பின்னிருக்கைப் பகுதியில் இருந்தன. முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் விமானி திரும்பிப் பார்த்தாலன்றி அவற்றைக் காண இயலாது. அவற்றிலும் அளவுக் குறியீடுகள் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

பறப்புக்கு முன்னர்

டென்வர் இவ்விமானத்தை அண்மையில்தான் வாங்கியிருந்தார். விபத்துக்கு முந்தைய நாள், கலிபோர்னியாவின் சான்டா மரியா நகரில் அவருக்கு விமானத்தைப் பற்றி ஏறத்தாழ அரை மணி நேர அறிமுகம் அளிக்கப்பட்டது. பின்னர் அவர் அதனை மான்டரே விமான நிலையத்துக்குக் கொண்டு வந்தார்.

அக்டோபர் 12 ஆம் நாள் மாலை, மான்டரே விமான நிலையத்தில் பராமரிப்புத் தொழில்நுட்பர் ஒருவர் அவருக்கு உதவினார். தெரிவு வால்வின் கைப்பிடி எட்டாமல் இருப்பதையும் இறுக்கமாக இருப்பதையும் பற்றி இருவரும் பேசினர். இறுகப் பற்றும் குறடு ஒன்றைக் கைப்பிடியில் பொருத்தி அதனை நீட்டிப் பார்த்தனர், அது பயன்படவில்லை. வானில் தொட்டியை மாற்ற வேண்டி வந்தால், தன்னியக்க ஓட்டுக் கருவியை இயக்கி விமானத்தைச் சமநிலையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பப் போவதாக டென்வர் கூறினார். பின்னால் உள்ள அளவுகாட்டிகளைப் பார்ப்பதற்காகத் தொழில்நுட்பர் அவருக்கு ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார்.

தொழில்நுட்பர் பார்த்தபோது வலது தொட்டியில் பாதிக்கும் குறைவாகவும், இடது தொட்டியில் கால் பங்குக்கும் குறைவாகவும் எரிபொருள் இருந்தது. எரிபொருள் நிரப்ப வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, ஏறத்தாழ ஒரு மணி நேரமே பறக்கப் போவதாகக் கூறி டென்வர் வேண்டாம் என்றார். இரு தொட்டிகளையும் நிரப்பியிருந்தால், எட்டாத அக்கைப்பிடியை அன்று வானில் தொட வேண்டிய தேவையே ஏற்பட்டிருக்காது.

விபத்து

விமானம் மாலை 5:12 மணியளவில் புறப்பட்டது. டென்வர் முதலில் ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் மேலெழும் பயிற்சியை மூன்று முறை செய்தார். பின்னர் கடற்கரையை ஒட்டிப் பறந்தார். மாலை 5:28 மணியளவில் பசிபிக் குரோவ் நகரின் பீனோஸ் முனைக்கு அருகே விமானம் கடலில் வீழ்ந்தது. வீழ்ந்த இடம் கரையிலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் தொலைவில் உள்ளது.

கரையிலிருந்த பலர் இதனைக் கண்டனர். வீழ்வதற்குச் சற்று முன்னர் விமானம் ஏறத்தாழ 350 முதல் 500 அடி வரையிலான உயரத்தில் பறந்ததாக அவர்கள் மதிப்பிட்டனர். இது ஏறத்தாழ 105 முதல் 150 மீட்டர் ஆகும். வெடிப்பது போன்ற சிறு ஒலி கேட்டதாகவும், இயந்திரத்தின் ஓசை குறைந்ததாகவும் சிலர் தெரிவித்தனர். அதன்பின் விமானம் வலப்புறமாகச் செங்குத்தாகச் சரிந்து, மூக்குக் கீழ்நோக்கிய நிலையில் கடலில் மோதியது. மோதிய வேகத்தில் விமானம் முற்றாக நொறுங்கியது.

விசாரணை

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை விசாரித்தது. கடலிலிருந்து மீட்கப்பட்ட பாகங்களுள் தெரிவு வால்வும் ஒன்று. அது இரு தொட்டிகளுக்கும் உரிய நிலைகளுக்கு இடைப்பட்ட நிலையில் காணப்பட்டது.

விசாரணையாளர்கள் கைப்பிடியைத் திருப்புவதற்கு விமானி செய்ய வேண்டியிருந்தவற்றை ஆராய்ந்தனர். இடது தோளுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியை இடக்கையால் திருப்புவது கடினம். ஆகவே விமானி பின்வருவனவற்றைச் செய்ய வேண்டியிருந்தது:

1. கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுத்தல்.
2. தோள் பட்டையைத் தளர்த்துதல்.
3. மேலுடலை இடப்புறமாக ஏறத்தாழ 90 பாகை திருப்புதல்.
4. இறுக்கமான கைப்பிடியைத் திருப்புதல்.

இதே போன்ற விமானத்தில் அமர்ந்து இச்செயல்களைச் செய்து பார்த்தபோது முக்கியமான ஓர் உண்மை தெரியவந்தது. மேலுடலை இடப்புறம் திருப்பும்போது, உடலைத் தாங்கிக்கொள்வதற்காக வலக்கால் தானாகவே நீண்டு வலது சுக்கான் மிதியை அழுத்தியது. சாட்சிகள் கண்டதாகக் கூறிய வலப்புறச் சரிவுக்கு இது பொருந்தி வந்தது. அந்நேரத்தில் விமானியின் கண்கள் முன்புறத்தை நோக்கியிருக்க வாய்ப்பில்லை. கையும் கோலில் இல்லை. சில நூறு அடி உயரத்தில் தொடங்கிய சரிவை உணர்ந்து திருத்துவதற்கு மிகச் சில நொடிகளே இருந்தன.

டென்வரின் மருத்துவச் சான்றிதழ் விபத்தின்போது செல்லுபடியாகும் நிலையில் இருக்கவில்லை. மது அருந்துவது தொடர்பாக 1996 ஆம் ஆண்டில் நடுவண் வான்போக்குவரத்து நிருவாகம் எடுத்த முடிவே இதற்குக் காரணம். எனினும் விபத்துக்குப் பின் நடத்தப்பட்ட பரிசோதனையில் அவருடைய உடலில் மதுவோ போதைப்பொருளோ காணப்படவில்லை. ஆதலால் இது விபத்துக்கான காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படவில்லை.

முடிவுகள்

தெரிவு வால்வைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் சிதறியதும், அவர் தம்மை அறியாமல் வலது சுக்கான் மிதியை அழுத்தியதும் விமானம் கட்டுப்பாட்டை இழக்கக் காரணமாயின என வாரியம் முடிவு செய்தது. பறப்புக்கு முன் போதிய ஆயத்தம் செய்யாமை, குறிப்பாக எரிபொருள் நிரப்பாமை, மற்றொரு காரணமாகக் கூறப்பட்டது. பின்வருவன விபத்துக்குத் துணைபோன காரணிகளாகக் குறிப்பிடப்பட்டன:

- அடையாளமிடப்படாத கைப்பிடியை எட்டாத இடத்தில் அமைக்கக் கட்டியவர் எடுத்த முடிவு
- அளவுக் குறியீடுகள் இல்லாத எரிபொருள் அளவுகாட்டிகள்
- புதிய வகை விமானத்துக்கு மாறும்போது பெற வேண்டிய பயிற்சியின் போதாமை
- இவ்வகை விமானத்தில் விமானிக்கு இருந்த குறைந்த அனுபவம்

இம்முடிவுகள் பொறுப்பை விமானி ஒருவர் மீது மட்டும் சுமத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கைப்பிடியின் இடம் பல ஆண்டுகளுக்கு முன் கட்டுமானத்தின்போது தீர்மானிக்கப்பட்டது. எரிபொருள் நிரப்பாத முடிவு தரையில் எடுக்கப்பட்டது. இடர் உள்ளது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதைச் சமாளிக்க ஒரு வழியும் எண்ணி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த வழி போதிய உயரமும் நேரமும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பை அடிப்படையாகக் கொண்டிருந்தது. இயந்திரத்தின் வலு தாழ்வான உயரத்தில் குறைந்தபோது அவ்விரண்டும் கிடைக்கவில்லை.

எரிபொருள் மேலாண்மைத் தவறுகள்

விமான விபத்து விசாரணைகளில் எரிபொருள் தொடர்பான தவறுகள் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

எரிபொருள் தீர்ந்துபோதல்: விமானத்தில் பயன்படுத்தத்தக்க எரிபொருள் எதுவும் எஞ்சாத நிலை இதுவாகும். தூரத்தையோ எதிர்க்காற்றையோ தவறாகக் கணித்தல், அளவுகாட்டியை மட்டும் நம்பித் தொட்டியைத் திறந்து பார்க்காமை ஆகியவற்றால் இது ஏற்படலாம்.

எரிபொருள் கிடைக்காமற்போதல்: விமானத்தில் எரிபொருள் இருந்தும் அது இயந்திரத்தைச் சென்றடையாத நிலை இதுவாகும். வற்றிய தொட்டியிலிருந்து மாற்றாமை, வால்வைத் தவறான நிலையிலோ இடைப்பட்ட நிலையிலோ விட்டுவிடுதல், எரிபொருளில் நீர் கலத்தல், குழாய் அடைபடுதல் ஆகியவற்றால் இது ஏற்படலாம்.

டென்வரின் விமானத்தில் கேட்ட ஒலியும் வால்வு காணப்பட்ட நிலையும் இரண்டாம் வகையைச் சுட்டுகின்றன.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்பு எச்சரிக்கையின்படி, 2011 முதல் 2015 வரையான காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் எரிபொருள் மேலாண்மை தொடர்பாக ஆண்டுக்குச் சராசரியாக 50 க்கும் மேற்பட்ட விபத்துகள் நிகழ்ந்தன. இவற்றுள் 56 விழுக்காடு முதல் வகையையும், 35 விழுக்காடு இரண்டாம் வகையையும் சேர்ந்தவை. இவ்விபத்துகளில் சிக்கிய விமானிகளுள் ஏறத்தாழ பாதிப்பேர் வணிக விமானிக்குரிய அல்லது அதனினும் உயர்ந்த உரிமம் பெற்றவர்கள். பயிற்சி மாணவர்கள் 2 விழுக்காட்டினர் மட்டுமே. அனுபவம் மட்டுமே இத்தவறுகளைத் தடுத்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

பெரிய விமானங்களும் இத்தகைய விபத்துக்கு விலக்கல்ல. 1978 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு அருகே யுனைட்டட் ஏர்லைன்ஸ் பறப்பு 173, இறங்குசக்கரக் கோளாற்றை ஆராய்ந்தவாறு வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. 10 பேர் உயிரிழந்தனர். அங்கும் ஒரு சிக்கலில் ஊன்றிய கவனம் எரிபொருளை மறக்கச் செய்தது.

தடுப்பு முறைகள்

ஐக்கிய அமெரிக்க விதிகளின்படி, கண்பார்வை விதிகளின் கீழ்ப் பறக்கும் விமானம் சேருமிடத்தை அடைந்த பின்னரும் பகலில் 30 நிமிடங்களும் இரவில் 45 நிமிடங்களும் பறக்கப் போதிய எரிபொருளுடன் புறப்பட வேண்டும். இது குறைந்தபட்ச அளவே ஆகும். இதைவிடக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது எனப் பயிற்றுநர்கள் அறிவுறுத்துகின்றனர். வேறு சில நடைமுறைகளும் பின்பற்றப்படுகின்றன:

- புறப்படுமுன் ஒவ்வொரு தொட்டியையும் திறந்து எரிபொருளின் அளவை நேரில் பார்த்தல் அல்லது அளவுகோலால் அளத்தல்.
- தொட்டி மாற்றும் நேரங்களை முன்கூட்டியே வகுத்துக் குறித்து வைத்தல்.
- தொட்டி முற்றிலும் வற்றும் வரை காத்திராமல், போதிய உயரத்தில், இறங்குமிடம் ஒன்று அருகில் இருக்கும்போதே மாற்றுதல்.
- தரையில் இருக்கும்போதே, பட்டைகளை அணிந்து இருக்கையில் அமர்ந்தபடி தெரிவு வால்வைத் திருப்பிப் பழகுதல்.
- கைப்பிடி எட்டவில்லை அல்லது இறுக்கமாக உள்ளது எனில், அதைச் சரிசெய்யும் வரை விமானத்தை ஓட்டாதிருத்தல்.

பின்விளைவுகள்

விபத்தைத் தொடர்ந்து, தாமே கட்டிய விமானங்களின் பாதுகாப்புப் பற்றி ஆர்வலர்களிடையே விரிவான விவாதம் எழுந்தது. கட்டியவர் தம் விமானத்தின் குறைகளை நன்கறிந்திருப்பார்; அதனை விலைக்கு வாங்கும் இரண்டாமவருக்கு அவை தெரிந்திருப்பதில்லை. ஒரே வரைபடத்தைப் பின்பற்றிக் கட்டப்பட்ட இரு விமானங்கள்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே முக்கியமான கட்டுப்பாடுகளுக்குத் தெளிவான அடையாளமிடல், புதிய உரிமையாளருக்கு முறையான பயிற்சி அளித்தல் ஆகியவற்றின் தேவை வலியுறுத்தப்பட்டது. பழக்கமில்லாத விமானங்களுக்கு மாறும் விமானிகளுக்கான வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை நடுவண் வான்போக்குவரத்து நிருவாகம் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

நினைவுச் சின்னம்

விபத்து நடந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின், 2007 ஆம் ஆண்டில், பசிபிக் குரோவ் கடற்கரையில் விமானம் வீழ்ந்த இடத்துக்கு அருகே ஜான் டென்வரின் நினைவாகப் பட்டயம் ஒன்று நிறுவப்பட்டது.